பாப்பாவின் பாஸ்போர்ட்

23 ஜூலை, செவ்வாய்

சௌந்தரபாண்டி அண்ணன் சொன்னபடி இன்றிலிருந்து எழுதுகிறேன். மீனம்பாக்கத்தில் விமானம் ஏறும் முன் இந்த நோட்டைக் கையில் கொடுத்தார். "ஜெகதா, பாப்பா எங்க போச்சு, யார்கூடப் பேசுச்சு, என்ன சாப்டுச்சு, எல்லாம் எழுதி வை. போன்ல சொல்றது மறந்துபோகும். எழுத்துல இருந்தா நான் அப்புறமா பாத்துக்கறேன்" என்றார். பாப்பாவின் பாஸ்போர்ட்டையும் என்னிடம்தான் கொடுத்தார். அதிகாரிகள் கேட்கிற இடத்தில் மட்டும் பாப்பா கையில் கொடுத்து, முத்திரை குத்தியதும் திரும்ப வாங்கி என் இடுப்புப் பையில் வைத்துக்கொள்கிறேன். அண்ணனுக்கு விசா கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் எனக்கு இந்த எழுத்து வேலை இல்லை.

பாப்பா என்றால் நடிகை மிஹிரா. சொந்தப் பெயர் பேச்சியம்மாள், போடிக்காரப் பிள்ளை, வயது இருபத்திரண்டு. ஆறு வருஷமாக அதற்கு நான்தான் ஹேர் டிரஸ்ஸர். அண்ணன் அதன் தாய்மாமன். கதை கேட்பது, கால்ஷீட் கொடுப்பது, அதன் செல்போனை வைத்திருப்பது எல்லாம் அவர்தான். ஆவணியில் அவருக்கும் பாப்பாவுக்கும் கல்யாணம். பத்தொன்பது வயது வித்தியாசம் என்று யூனிட்டில் முணுமுணுக்கிறார்கள். முறைமாமனுக்கு வயது ஒரு கணக்கா. கல்யாணத்துக்கு முன் முடிக்க வேண்டியது இந்த ஒரு பாட்டுதான்.

ஏதென்ஸ் துறைமுகத்திலிருந்து கப்பலில் எட்டு மணி நேரம். தீவின் பெயர் லெஃப்கோனா. டைரக்டர் இளமாறன் தம்பி, கேமராமேன் பெனடிக்ட் சார், பாப்பா, நான் என்று நாலு பேர் முன்னால் வந்திருக்கிறோம். ஹீரோ, டான்ஸர்கள், கேமரா சாமான் எல்லாம் வியாழக்கிழமைக் கப்பலில் வருகின்றன.

துறைமுகத்துக்கு மேலே குன்றில் ஊர். ஆறு அறை உள்ள ஒரு விடுதி. நடத்துவது ஸ்டமாட்டியா என்கிற அம்மாள், அறுபது இருக்கும், கொஞ்சம் இங்கிலீஷ் பேசுகிறார், என் அளவுக்கு. சுவருக்கு வெள்ளையடித்து வெள்ளையடித்து மூலையெல்லாம் உருண்டு போயிருக்கிறது. எங்கள் அறையில் இரண்டு கட்டில், கடல் பக்கம் ஒரு ஜன்னல்.

பாப்பா தயிரும் தேனும் சாப்பிட்டது. யாரிடமும் பேசவில்லை.

24 ஜூலை, புதன்

விடிந்ததிலிருந்து காற்று. ஆடிக்காற்று நம் ஊரோடு சரி என்று நினைத்திருந்தேன். இங்கே வடக்கிலிருந்து வருகிறது, மழை இல்லை, மேகம்கூட இல்லை. பளீர் வெயிலில் நின்றுகொண்டு ஆளைத் தள்ளுகிறது.

கறுப்புக் கூழாங்கல் கடற்கரை ஒன்றுக்குப் போனோம். மணலே இல்லை. அலை திரும்பும்போது கல் உருளுகிற சத்தம், பெரிய வாணலியில் கடலை வறுக்கிற மாதிரி. இளமாறன் தம்பி இரண்டு கையையும் சட்டம் போல வைத்துப் பாப்பாவைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்து ஒரு ஆட்டின் மேல் இடித்துக்கொண்டார். பாப்பா சிரித்தது.

முடி நிற்குமா என்று பார்க்க ஒட்டுமுடி வைத்துக் கொண்டை போட்டேன். ஐந்து நிமிஷத்தில் காற்று பிரித்துவிட்டது. இடது காதுக்குப் பின்னால் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு முடி இல்லை. ஸ்பிரே ஒத்துக்கொள்ளவில்லை போல. இரண்டு கிளிப் கூடப் போட்டு மறைத்தேன்.

25 ஜூலை, வியாழன்

கப்பல் வரவில்லை. காற்று.

26 ஜூலை, வெள்ளி

கப்பல் இன்றும் இல்லை. துறைமுகப் போலீஸ் எல்லாக் கப்பலையும் நிறுத்திவிட்டார்களாம். ஸ்டமாட்டியா கன்னத்தை உப்பி ஊதிக் காட்டி, "மெல்டெமி" என்றார். காற்றின் பெயர். பிறகு விரலை மடக்கினார். மூன்று நாள் அடிக்கும், இல்லாவிட்டால் ஆறு, இல்லாவிட்டால் ஒன்பது. யாரும் வரவும் முடியாது, போகவும் முடியாது. அவருக்கு அதில் கவலை இருப்பதாகத் தெரியவில்லை.

சும்மா இருக்க வேண்டாம் என்று இளமாறன் தம்பி எங்களை மலைமேல் இருக்கிற அப்பானோ கிராமத்துக்குக் கூட்டிப்போனார். முந்தைய காலத்தில் கடற்கொள்ளைக்காரர்கள் வந்தால் வழி தெரியாமல் திணறட்டும் என்று தெருவை முறுக்கி முறுக்கிக் கட்டியிருக்கிறார்களாம். ஒரு ஆள் அகலம். திரும்பினால் படி, ஏறினால் யார் வீட்டு முற்றமோ. சுவர் இடுக்கிலெல்லாம் ஏதோ செடி முளைத்து வெள்ளைப் பூ பூத்திருக்கிறது. பூனைகள். கதவெல்லாம் நீலம்.

அந்த முறுக்கில் பாப்பாவைத் தவறவிட்டேன். பத்து நிமிஷம் இருக்கும். கூப்பிட்டால் காற்று என் குரலைப் பின்னால் இழுத்துப் போகிறது. கடைசியில் ஒரு ரொட்டிக் கடையில் இருந்தது. மாவுக் கையோடு நின்ற கடைக்காரர் ரொட்டியைக் காட்டி "ப்ஸோமி" என்கிறார், இது "ஸோமி" என்கிறது, அவர் தலையாட்டி மறுபடி சொல்லிக் கொடுக்கிறார். நான் மணிக்கட்டைப் பிடித்து வெளியே கூட்டி வந்தேன். கொஞ்சம் அழுத்திப் பிடித்துவிட்டேன் போலிருக்கிறது, சிவந்திருந்தது.

"ரொட்டிதானக்கா வாங்குனேன்" என்றது.

"சொல்லிட்டுப் போனா என்ன?"

"சொன்னா விடுவீகளா?"

சாயங்காலம், பாஸ்போர்ட்டை ஒரு தடவை காட்டச் சொல்லிக் கேட்டது. எதற்கு என்றேன். சும்மா பார்க்க வேண்டும்போல் இருக்கிறதாம். கொடுத்தேன். தன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு அதுவாகவே மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டது. நல்ல பிள்ளை.

27 ஜூலை, சனி

அண்ணன் என் போனில் வீடியோவில் வந்தார். போடியில் மண்டபம் பார்த்துவிட்டாராம். முகூர்த்தப் புடவையை விரித்துக் காட்டினார், அரக்கில் பச்சைக் கரை. பாப்பா "நல்லாருக்கு" என்றது. இரண்டாம் தடவை போட்ட விசா கிடைத்துவிட்டதாம். திங்கள் கிளம்பி ஏதென்ஸ் வந்து, காற்று நின்றதும் முதல் கப்பலில் வந்துவிடுவாராம். "நான் வந்துட்டா உனக்கும் பாரம் குறையும் ஜெகதா" என்றார்.

பாப்பா பாத்ரூம் போய்க் குழாயைத் திறந்துவிட்டது. வெகுநேரம் மூடவில்லை. இங்கே தண்ணீருக்குத் தட்டுப்பாடு, வீணாக்கக் கூடாது என்று ஸ்டமாட்டியா எழுதி ஒட்டியிருக்கிறார். கதவைத் தட்டினேன்.

காதுக்குப் பின்னால் இப்போது அப்பளப்பூ அளவு. கிணற்று நீர் உப்பாக இருக்கலாம்.

எனக்கும் பதினாறு வயதில் மாமனைத்தான் கட்டிவைத்தார்கள். அவருக்கு முப்பத்து மூன்று. லாரி டிரைவர். போய்ச் சேர்ந்து பத்து வருஷம் ஆகிறது. நல்லவர்தான். என்ன கெட்டுப்போய்விட்டேன்.

28 ஜூலை, ஞாயிறு

தெற்குக் கரையில் பிஸோ என்று ஒரு மீன்பிடிக் கிராமம், இருபது வீடு. ஸ்டமாட்டியா பிறந்த ஊர். அவருடைய பழைய காரிலேயே எங்களைக் கூட்டிப்போனார். நடுவில் மலை இருப்பதால் அந்தப் பக்கம் காற்று குறைவு. ஐந்து நாளில் இன்றுதான் என் முந்தானை என் தோளில் இருந்தது. கயிற்றில் துணி காயப்போடுவது போல ஆக்டோபஸைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். பெனடிக்ட் சார் நாலு தட்டு சாப்பிட்டார்.

பக்கத்தில் சிவப்பு மண் சரிந்து கடலில் இறங்குகிற ஒரு கடற்கரை. தண்ணீர் கரையோரம் பச்சை, கொஞ்சம் தள்ளி நீலம். "சரணம் இங்கதான்" என்று இளமாறன் தம்பி உட்கார்ந்துவிட்டார். இது அவருடைய முதல் படம். மூன்று வருஷமாக இந்தப் பாட்டை மனதுக்குள் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

பாப்பா சுடிதாரோடு இடுப்பளவு தண்ணீரில் போய் நின்றது. வா என்றேன், வந்துவிட்டது.

கரையில் ஸ்டமாட்டியாவின் தம்பி ஸ்டெலியோஸ் ஒரு படகு வைத்திருக்கிறார், முப்பது பேர் ஏறலாம். இது எங்கே போகும் என்று பாப்பா கேட்டது. கடல் படுத்தால் காலை பத்து மணிக்குப் பக்கத்துப் பெரிய தீவுக்கு, இரண்டு மணி நேரம், அங்கே ஏரோப்ளேன் இருக்கிறது என்றார். பொதுவாகக் கேட்டதுதான். அண்ணன் வந்ததும் பாப்பா படகுக்காரரோடு பேசினதைச் சொல்ல வேண்டும்.

29 ஜூலை, திங்கள்

மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை இந்த ஊரே தூங்குகிறது. மருந்துக்கடை மட்டும் மூன்று வரை திறந்திருக்கும் என்று, தலைவலி மாத்திரை வாங்கத் துறைமுகத்துக்கு இறங்கினேன். போகும்போது அறையை வெளியே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டேன். தினமும் செய்வதுதான். இதுவரை எழுதவில்லை.

திரும்பி வரும்போது எங்கள் அறைக் கதவு திறந்திருந்தது. காற்றில் ஜன்னல் பலகை கொண்டி பிடுங்கி அடித்திருக்கிறது. கண்ணாடி முழுக்க உள்ளே விழுந்து கிடந்தது. இழுத்து மூடப் போன பாப்பாவுக்கு உள்ளங்கை கிழிந்துவிட்டது. கதவைத் தட்டியிருக்கிறது. காற்றுச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கீழே ஸ்டமாட்டியாதான் ஏதோ தோன்றி மேலே வந்து, மாற்றுச் சாவி தேடித் திறந்திருக்கிறார். நான் உள்ளே போகும்போது பாப்பா தரையில் உட்கார்ந்திருந்தது. அவர் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன் பூட்டு?" என்று கேட்டார். "இவள் திருடியா?"

"இல்லை. பாதுகாப்புக்கு."

"யாரிடமிருந்து?"

நான் குனிந்து ஒரு கண்ணாடித் துண்டைப் பொறுக்கினேன்.

"உன் மகளா?"

"இல்லை."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே கண்ணாடித் துண்டுகளை முறத்தில் அள்ளிக்கொண்டு போனார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து, "உன் நல்லதுக்குத்தாண்டி பூட்டினேன்" என்றேன். சொல்லி முடிக்கும்போதே அந்த வார்த்தை யாருடையது என்று காதில் விழுந்துவிட்டது.

பாப்பா கோபப்படவில்லை. மெதுவாகத்தான் சொன்னது. "கண்ணாடி உடஞ்சதும் கத்துனேன்க்கா. யார் யாரையோ கூப்ட்டேன். உங்களக் கூப்டணும்னு மட்டும் தோணவே இல்ல."

ஐந்து மணிக்கு ஊர் எழுந்து காபி குடிக்கிறது. நான் மொட்டைமாடிப் படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். யாருக்காக எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

சைதாப்பேட்டை வீட்டில் என் வீட்டுக்காரர் கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் அடித்தார். லோடு ஏற்றி வெளியூர் போகும்போது போட்டுவிட்டுப் போவார். ஒரு குடம் தண்ணீர், அரிசி, மண்ணெண்ணெய் எல்லாம் வைத்துவிட்டுத்தான் போவார். அடித்ததே கிடையாது. என் மகள் சுடர்மதி வயிற்றில் இருந்தபோது, பனிக்குடம் உடைந்து நாலு மணி நேரம் உள்ளேயிருந்து தட்டினேன். எதிர்வீட்டு ஆள் சந்தேகப்பட்டு வந்து தாழ்ப்பாளை நீக்கினார். அதற்காக அவர் ஊரிலிருந்து வந்ததும் அந்த ஆளோடு சண்டைக்குப் போனார். உன் நல்லதுக்குத்தான் என்று என்னிடம் சொன்னார். நானும் அப்படித்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். நேற்று முன்தினம்கூட இதே நோட்டில் நல்லவர் என்று எழுதியிருக்கிறேன்.

முடி உதிரவில்லை. அவளே பிடுங்குகிறாள். போடியில் கல்யாணத்துக்குப் பூ வைத்த வாரத்தில் தொடங்கியது. முப்பது வருஷமாக முடியைத் தொட்டுப் பிழைக்கிறவள் நான். உதிர்ந்த இடம் எப்படி இருக்கும், பிடுங்கின இடம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா. ஸ்பிரே என்று எழுதினேன். உப்புத் தண்ணீர் என்று எழுதினேன்.

30 ஜூலை, செவ்வாய்

துறைமுகக் கடையில் இன்னொரு நோட்டு வாங்கினேன். அதில் அண்ணனுக்காக முதல் நாளிலிருந்து எழுதி முடித்தேன். அரைமணி நேரம்தான் ஆயிற்று. கடற்கரை போனோம். பாப்பா யாரிடமும் பேசவில்லை. தயிர் சாப்பிட்டது. கிராமம் போனோம். யாரிடமும் பேசவில்லை. கடல் காற்று. யாரிடமும் பேசவில்லை.

அறைச் சாவியை ஸ்டமாட்டியாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வாங்கி ஆணியில் மாட்டினார். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு தட்டில் தக்காளி வடை மாதிரி ஒன்று சுட்டுக் கொண்டுவந்து வைத்தார்.

பேச்சியிடம் போனை நீட்டி, "யார்கிட்டயாவது பேசணுமா?" என்று கேட்டேன். சந்தேகமாகப் பார்த்தாள். நான் சோதிக்கிறேன் என்று நினைத்திருப்பாள். நினைக்க மாட்டாளா. போனைக் கட்டிலில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன்.

அவளுடைய அக்கா வனராணி புனேயில் இருக்கிறாளாம். வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போனவள். ஏழு வருஷமாக அந்த வீட்டில் அவள் பேரை எடுக்கக் கூடாது. பேச்சிக்கு அவள் நம்பர் மனப்பாடமாக இருந்திருக்கிறது. ஒரு தடவைகூட அடித்ததில்லை. அடிக்கப் போன் இல்லை.

வனராணி என்னிடமும் பேசினாள். "டிக்கெட் நான் போட்டுருதேன். மும்பைக்கு வந்து கூட்டிக்கிறோம். அவர் மிலிட்டரி, குவார்ட்டர்ஸ்ல இருக்கோம், பாஸ் இல்லாம ஒரு ஆள் உள்ள வர முடியாது. நீங்க அந்தப் பாஸ்போர்ட்ட மட்டும் அவ கையில குடுங்க. குடுப்பீங்களா?"

பார்க்கிறேன் என்றேன். இதுவரை ஒரு பதில்கூட நேராகச் சொல்லிப் பழக்கமில்லை.

31 ஜூலை, புதன்

ஆடி அமாவாசை. வருஷா வருஷம் வீட்டுக்காரர் படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைப்பேன். இன்று சாயங்காலம்தான் ஞாபகம் வந்தது. வந்த பிறகும் ஒன்றும் செய்யவில்லை.

காற்று.

1 ஆகஸ்ட், வியாழன்

பெனடிக்ட் சார் போனில் காற்றுப் படம் பார்த்துக்கொண்டே இருந்தார். நாளை விடியும்போது நின்றுவிடும் என்றார். இளமாறன் தம்பி கையெடுத்துக் கும்பிட்டார். எட்டு நாளில் மெலிந்துபோயிருக்கிறார்.

அண்ணன் ஏதென்ஸிலிருந்து பேசினார். நாளை காலை ஏழு மணிக் கப்பலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டார். ஹீரோ, டான்ஸர்கள் எல்லாம் அதே கப்பலில். மதியம் மூன்றுக்கு இங்கே இருப்பார்கள். "பாப்பாகிட்ட குடு" என்றார். தலைக்கு எண்ணெய் வைத்திருக்கிறேன், கை ஈரம் என்று சொல்லிவிட்டேன். அண்ணனிடம் என் முதல் பொய். அவ்வளவு சுலபமாக வரும் என்று நினைக்கவில்லை.

காற்று இருக்கிறவரை நாங்கள் அகப்பட்டிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது நிற்கக் கூடாதே என்று இன்றைக்கு எட்டுத் தடவையாவது வேண்டியிருப்பேன்.

நாளைக்குக் கொடுத்துவிட்டால் எனக்கு அப்புறம் செட் கிடையாது. அண்ணன் ஒரு போன் போட்டால் போதும். நாற்பத்தெட்டு வயது. வேறு வேலை தெரியாது. சுடர்மதி மாமியார் வீட்டில் போய் உட்கார முடியாது. இதையெல்லாம் எழுதிப் பார்த்தால் தெளிவு வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

2 ஆகஸ்ட், வெள்ளி

சத்தம் இல்லாததால் விழிப்பு வந்தது. ஜன்னலுக்கு வெளியே கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி கிடந்தது.

இளமாறன் தம்பி கதவுக்கு வந்தார். பாப்பாவை ஸ்டமாட்டியா அம்மாள் ஊருக்குக் கூட்டிப்போய் எண்ணெய் வைத்துத் தலைக்கு ஊற்றிக் கூட்டி வருகிறேன், அங்கே நல்ல தண்ணீர், மதியம் வரைக்கும் ஆகும் என்றேன். "சரிக்கா, முடி ஷைனிங்கா இருக்கணும்" என்றார். அவர் முகத்தைப் பார்க்காமல் சீப்புப் பெட்டியை எடுத்துக்கொண்டேன்.

காரில் போகும்போது அவளுடைய ஒட்டுமுடி கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். பதினாலு. பின்னலைத் தளர்வாக இடது பக்கம் இறக்கிப் போட்டேன், மறைகிற மாதிரி. ராத்திரியே வனராணி டிக்கெட் அனுப்பிவிட்டாள், ஸ்டமாட்டியாவிடமும் எல்லாம் சொல்லிவிட்டிருந்தேன். அவர் கண்ணாடியில் பார்த்தபடி ஓட்டினார்.

பிஸோவில் ஸ்டெலியோஸ் படகை உசுப்பிவிட்டிருந்தார். மீன் கூடையோடு நாலைந்து பேர் ஏறியிருந்தார்கள். இடுப்புப் பையைத் திறந்தேன். அந்த ஜிப் எப்போதும் மக்கர் செய்யும். இன்றைக்கும் செய்தது. அவள் பொறுமையாக நின்றாள்.

பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்ததும் உடனே மூடிக்கொள்ளாமல், நான் மனசு மாறினால் எடுத்துக்கொள்ளட்டும் என்பது போல விரலை விரித்தே வைத்திருந்தாள். நான்தான் அவள் விரலை மடக்கினேன்.

"வந்து கேட்டா என்னக்கா சொல்லுவீக?"

"நடந்ததச் சொல்லுவேன்."

"நீங்களும் வாங்களேன்."

"எனக்கு மூணு மணிக்கு வேலை இருக்கு" என்றேன்.

காலில் விழக் குனிந்தாள். தோளைப் பிடித்து நிறுத்தினேன். போய் உட்கார்ந்ததும் ஸ்டமாட்டியாவும் பையோடு படகில் ஏறினார். பெரிய தீவில் காய்கறி வாங்க வேண்டுமாம். விமானம் ஏற்றிவிட்டு வருவதாக என்னிடம் கையைப் பறவை போல வைத்துக் காட்டினார். கார் சாவியை என்னிடம் வீசினார். எனக்கு ஓட்டத் தெரியாது. மலையைச் சுற்றி இரண்டரை மணி நேரம் நடந்து நேராகத் துறைமுகத்துக்கு வந்தேன்.

மூன்றுக்குக் கப்பல் வந்தது. வெள்ளைச் சட்டையில் அண்ணன் முதல் ஆளாக இறங்கினார். கையில் ஒரு எவர்சில்வர் தூக்கு. பாப்பாவுக்குப் பிடிக்கும் என்று அவர் அக்கா சுட்ட அதிரசம். எத்தனை விமான நிலையத்தில் அதைத் திறந்து காட்டினாரோ.

"பாப்பா மேல இருக்கா?"

"போயிடுச்சுண்ணே."

"எங்க, கடலுக்கா?"

"பாஸ்போர்ட்டக் குடுத்து அனுப்பிட்டேன். காலைலயே."

கப்பல் கயிறு கட்டுகிற இரும்புக் கட்டையில் உட்கார்ந்துவிட்டார். டான்ஸர்கள் பெட்டிகளை உருட்டிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார்கள். பிறகு நோட்டைக் கேட்டார். புது நோட்டைக் கொடுத்தேன். உட்கார்ந்தபடியே நாலு பக்கம் படித்தார்.

"யார்கூடயும் பேசல, யார்கூடயும் பேசல. பூரா பொய்யா?"

"ஆமாண்ணே."

"எங்க போயிருக்கா?"

"சொல்லமாட்டேன்."

"நீ இனி எந்தச் செட்லயும் சீப்பு எடுக்க முடியாது ஜெகதா." சத்தம் போடவில்லை. சுற்றிலும் ஆள் இருந்தார்கள். "தெரியும்ல?"

"தெரியும்ணே."

இளமாறன் தம்பியிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அவர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"எங்கிட்டச் சொல்லிருக்கலாமேக்கா."

"சொல்லிருந்தா விட்டிருப்பீங்களா தம்பி?"

யோசித்தார். "மாட்டேன்" என்றார். பிறகு, "நாளைக்குப் பாட்டு எடுக்கணும்னா விட்டிருக்கமாட்டேன்" என்று மறுபடியும் சொன்னார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஹீரோவை மட்டும் வைத்து என்னென்ன எடுக்கலாம் என்று பெனடிக்ட் சாரோடு உட்கார்ந்துவிட்டார். மூன்று வருஷக் கனவு. அதற்கு என்னால் ஒன்றும் செய்ய முடியாது. அந்தப் பாவம் என்னைச் சேர்ந்தது.

3 ஆகஸ்ட், சனி

என்னை யூனிட்டிலிருந்து அனுப்பிவிட்டார்கள். மதியக் கப்பல். அதே கப்பலில் அண்ணனும். அவர் மேல்தளத்தில், நான் கீழே ஜன்னல் ஓரம்.

ஒரு மணி நேரம் கழித்து இறங்கி வந்து எதிர் இருக்கையில் உட்கார்ந்தார். சவரம் செய்யாமல் திடீரென்று வயதான மாதிரி இருந்தார். கறுப்புக் கூழாங்கல் கடற்கரை தூரத்தில் ஒரு கோடாகத் தெரிந்தது.

"நான் அவள ஒரு தடவகூட அடிச்சதில்ல ஜெகதா. நீ ஆறு வருஷமா பாக்குற."

"தெரியும்ணே."

"அப்புறம் என்ன?"

"எங்க வீட்டுக்காரரும் அடிச்சதில்லண்ணே" என்றேன்.

அவருக்குப் புரிந்ததா, தெரியவில்லை. பிறகு, "என்னப் பத்தி என்ன சொன்னா?" என்று கேட்டார். அதைக் கேட்கத்தான் இறங்கி வந்திருக்கிறார்.

நானும் யோசித்துப் பார்த்தேன். பதினோரு நாள் ஒரே அறை. திட்டவில்லை, அழவில்லை, குறை சொல்லவில்லை. மாமா என்ற வார்த்தையையே அவள் எடுக்கவில்லை.

"ஒண்ணும் சொல்லலண்ணே" என்றேன்.

அவர் எழுந்து மேலே போனார்.

4 ஆகஸ்ட், ஞாயிறு

ஏதென்ஸ் விமான நிலையம். என் விமானத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. அண்ணன் வேறு வழியாகப் போகிறார், வரிசையில் கண்டேன், அவர் பார்க்கவில்லை.

ஒன்பது மணிக்குப் புனேயிலிருந்து போன். வனராணி. பின்னால் குக்கர் சத்தம் கேட்டது.

"வந்து சேந்துட்டாக்கா. நேத்து மத்தியானமே வந்துட்டா. ரசம் சோறு கேட்டா, சாப்ட்டா. சாயங்காலம் படுத்தவதான், இன்னும் எந்திரிக்கல. இங்க மணி பதினொண்ணரை. நீங்க பேசணும்னா எழுப்பட்டா?"

வேண்டாம், எழுப்பாதே என்றேன்.